ஒரு சாண் உயரம் அதிகம்

"இன்னும் கொஞ்சம் பின்னாடி வா... வா... நிறுத்துடா, நிறுத்து!"

ஆர்வில் கத்தி முடிப்பதற்குள், புதுத் தீயணைப்பு வண்டியின் தலையிலிருந்த சிவப்பு விளக்கு ஷெட் வாசலின் மேல்சட்டத்தில் டொக்கென்று இடித்து நின்றது. வண்டிக்கு ஒரு சாண் உயரம் அதிகம்.

"மானியம் கேட்டப்போ உயரத்தைப் பத்தி ஒண்ணும் கேக்கலையா தலைவரே?" டுவெய்ன் இறங்கி வந்தான்.

"கேட்டாங்களே. இருக்கறதுலயே பெருசைக் குடுங்கன்னு சொன்னேன்."

ஹெக்டன் ஊரின் தீயணைப்புப் படை மொத்தம் மூன்று பேர். தானியக் கிடங்கில் வேலை செய்யும் ஆர்வில்தான் தலைவர். டுவெய்ன், டிராக்டர் மெக்கானிக். மார்னி, பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். மூவருக்கும் சம்பளம் கிடையாது. அதனால் யாரையும் வேலையை விட்டு நீக்கவும் முடியாது.

மானியத்துக்கு ஒரே நிபந்தனை: வண்டி கணப்புப் போட்ட ஷெட்டுக்குள் நிற்க வேண்டும். வடக்கு டகோட்டாவின் ஜனவரிக் குளிரில் வெளியே நின்றால் தொட்டித் தண்ணீர் உறைந்து பம்பு பிளந்துவிடும். நாளை மதியம் அதிகாரி வந்து பார்ப்பார். ஷெட் சரியில்லை என்றால் வண்டி பக்கத்து ஊர் கார்வினுக்குப் போய்விடும்.

போன குளிர்காலத்தில் ஆர்விலின் தம்பி லெஸ்டர் வீடு எரிந்தபோது கார்வின் வண்டிதான் வந்தது. பனியைத் தள்ளிக்கொண்டு அது வந்து சேர்ந்தபோது வீடும் இல்லை, லெஸ்டரும் இல்லை. அணைக்க ஒன்றும் மிச்சமில்லாததால் அவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

"டயர்ல காத்தை இறக்கு," என்றார் ஆர்வில்.

இறக்கினார்கள். வண்டி பெருமூச்சு விட்டுக் குனிந்து உள்ளே போனது. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். மார்னி அப்போது பிள்ளைகளை வீட்டில் விடப் போயிருந்தாள். அவளிடம் சொல்ல வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

மறுநாள் காலை ஆர்வில் வந்தபோது ஷெட்டின் கூரை சற்று வளர்ந்திருந்தது.

"பாருங்க தலைவரே, புது வண்டி, டயரெல்லாம் சப்பை! நான் பார்க்கலைன்னா என்ன ஆகியிருக்கும்?" மார்னி காற்றடிக்கும் குழாயைச் சுருட்டினாள். பேருந்து ஓட்டுகிறவள். தினமும் விடிந்ததும் டயரைத் தட்டிப் பார்க்காமல் அவளுக்குக் காபி இறங்காது.

நிமிர்ந்த வண்டி உத்தரத்தைத் தூக்கிவிட்டிருந்தது. உத்தரம் சுவர்களிலிருந்து கழன்று, கூரையோடு வண்டியின் தலைமேல் உட்கார்ந்திருந்தது.

"மறுபடி இறக்கிடலாமா?" என்றாள் மார்னி.

"இறக்கினா கூரையும் கூடவே இறங்கும் அம்மணி," என்றான் டுவெய்ன். "முட்டுக் கொடுப்போம்."

வாசலை ஒட்டி முட்டுக்கட்டையை வைத்து அடித்து இறுக்கினான். மூன்றாவது அடியில் வாசலின் மேல்சட்டம், அதன்மேல் இருந்த சுவரோடு, பனியில் போய் விழுந்தது. முட்டுக்கட்டையும் அதோடு போனது.

டுவெய்ன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"வாசல் உயரப் பிரச்சினை தீர்ந்துது," என்றான் டுவெய்ன்.

ஓட்டையைத் தார்ப்பாய் போட்டு மறைத்தார்கள். கணப்பை முழுதாகத் திருப்பி வைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஷெட் வண்டியைக் காப்பாற்றுவதுபோல்தான் இருந்தது. உண்மையில் வண்டிதான் ஷெட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"அதிகாரி வருவார், எட்டிப் பார்ப்பார், போவார்," என்றார் ஆர்வில். "வண்டியை வெளிய எடுன்னு எதுக்குச் சொல்லப் போறார்? அவர் போனதும் நிதானமா யோசிப்போம்."

டெலிபோன் அடித்தது. மார்னி எடுத்தாள்.

"ஹில்டா அக்கா கபேயில தீயாம். சீக்கிரம் வாங்கன்னாங்க, கட் ஆயிடுச்சு."

டுவெய்ன் கூரையைப் பார்த்தான். "தலைவரே, வண்டி நகர்ந்தா ஷெட் போச்சு. ஷெட் போனா வண்டியும் போச்சு. கார்வினுக்குப் போன் போடலாமா?"

ஆர்வில் தலைக்கவசத்தை மாட்டினார்.

"போன தடவை கார்வின் வரட்டும்னுதான் காத்துக்கிட்டு நின்னேன்," என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். மற்ற இருவரும் ஏறிக்கொண்டார்கள்.

வண்டி தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது. பின்னால் ஷெட், கால் மடங்கிய கிழ மாடுபோல மெதுவாகப் படுத்தது.

"திரும்பிப் பார்க்காதீங்க தலைவரே," என்றாள் மார்னி, பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தபடி.

கபேக்கு வெளியே புகையே இல்லை. அது இன்னும் மோசம் என்று ஆர்விலுக்குப் பட்டது. லெஸ்டர் வீட்டிலும் முதலில் வெளியே ஒன்றும் தெரியவில்லை. கோடரியை ஓங்கி இரண்டே வெட்டில் கதவைப் பிளந்துகொண்டு உள்ளே விழுந்தார்.

ஹில்டா காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏன்யா ஆர்வில், கதவு பூட்டாமத்தான இருந்துச்சு?"

"தீ எங்க?"

ஹில்டா பாத்திரத்தின் மூக்காலேயே மூலை மேஜையைக் காட்டினாள். அங்கே கோட்டுப் போட்ட ஒருவர், பாதி தின்ற ஆப்பிள் கேக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஆர்விலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதம் சார்! தீயெல்லாம் ஒண்ணுமில்ல, எவ்வளவு வேகமா வர்றீங்கன்னு பார்க்க நான்தான் போன் பண்ணச் சொன்னேன். வண்டி உங்களுக்குத்தான், ஷெட்டை மட்டும் ஒரு எட்டு பார்த்துட்டாப் போதும்."