வாழை நாரில் கட்டிய தர்மம்

தையல்காரனுக்கு வரக்கூடாத வியாதி ஒன்று உண்டு. அதற்குப் பெயர் கண்ணளவு. ஆள் கடைப்படி ஏறும்போதே இடுப்பு இத்தனை, தோள் இத்தனை என்று மனத்துக்குள் டேப் ஓட ஆரம்பித்துவிடும். எனக்கு அந்த வியாதி இளம் வயதிலேயே முற்றிப்போயிருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு தர்ம காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன். (சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். என் வீட்டில் யாரும் அடக்குவதில்லை.)

சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியை ஒட்டிய சந்து முனையில் என் கடை. இரண்டு மிஷின், ஒரு கரி இஸ்திரிப்பெட்டி, என் பெயரைவிட 'டெய்லர்' என்பதைப் பெரிதாக எழுதிய பலகை. கல்யாணம் ஆகவில்லை. ஊரில் நாலு பேர் நம்மைப் பற்றிப் பேசவேண்டும் என்ற ஆசை மட்டும் ஏராளமாக இருந்தது.

அப்போதுதான் வியாபாரிகள் கூட்டத்துக்கு மேரி டீச்சர் வந்தார். வல்லத்திராக்கோட்டை போகிற பாதையில், ஒரு தகரக் கொட்டகையில் பிள்ளைகள் விடுதி நடத்திக்கொண்டிருந்தார். மீமிசல் பக்கம் கடலுக்குப் போன அப்பா திரும்பி வராத பிள்ளைகள், பெற்றவர்கள் பிழைக்கப் போய்த் தகவலே இல்லாத பிள்ளைகள், பள்ளிக்கூடத்தில் தனியாக மூலையில் உட்காரவைத்ததால் படிப்பை விட்ட சேரிப் பிள்ளைகள், எல்லோரும் அங்கே ஒரே பாயில் படுத்து ஒரே பானையில் சாப்பிட்டார்கள்.

கொட்டகைக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். அரிமளத்துப் பெரியவர் ஒருவரிடம் சும்மா கிடந்த நெல் கிடங்கு ஒன்று இருந்தது. டீச்சர் போய்க் கேட்டதற்கு, விடுதியின் ஆண்டு விழாவுக்கு வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருந்தார். அவர் கைவிரித்தால் பிள்ளைகள் மறுபடி மாடு மேய்க்கப் போகவேண்டியதுதான். அதனால் விழா நன்றாக நடக்கவேண்டும், கடைக்காரர்கள் ஆனதைச் செய்யுங்கள் என்று டீச்சர் கேட்டார்.

ரைஸ் மில்காரர் அரிசி தருவதாகச் சொன்னார். காபி கிளப்காரர் சுண்டல் என்றார். நான் எழுந்து, துணியும் என்னுடையது, தையலும் என்னுடையது, அத்தனை பிள்ளைகளுக்கும் புது உடுப்பு என்று அறிவித்தேன். கூட்டம் கை தட்டியது. அந்தச் சத்தத்தில் எனக்குக் கொஞ்சம் கிறுகிறுத்துவிட்டது.

டீச்சர் சந்தோஷப்பட்டு, "எப்ப தம்பி அளவெடுக்க வாரீங்க?" என்று கேட்டார்.

"அளவா? தெருவுல போற ஆளுக்கு இங்கேருந்தே இடுப்பளவு சொல்லுவேன் டீச்சர்" என்றேன்.

மறுநாள் விடுதி வேலியோரமாகச் சைக்கிளில் ஒருதரம் போனேன். பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். பார்த்தேன், வந்துவிட்டேன். என்னைப் பொறுத்தவரை அளவெடுத்தாகிவிட்டது.

இதில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றையும் சொல்லவேண்டும். பையனுக்கு டவுசர் தைக்கக் கொண்டுவருகிற எந்தத் தாயும் பையன் அளவுக்குத் தைக்கச் சொன்னதே கிடையாது. "வளர்ற புள்ள தம்பி, கொஞ்சம் தாராளமா வையிங்க" என்பார்கள். வளர்கிற பிள்ளைக்கு வைக்கிற தாராளத்தை நான் முதலில் வைத்தேன். இலவசம் என்பதற்காக இன்னும் கொஞ்சம் வைத்தேன். பாவம், ஏழைப் பிள்ளைகள் என்று அதற்கு மேலும் வைத்தேன். காக்கித் துணியை அடுக்கிப் போட்டு ஒரே அச்சில் வெட்டித் தள்ளினேன். பெண்பிள்ளைகளின் பாவாடைகளுக்கு மட்டும் நாடா கோத்தேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

எல்லோரையும் அசத்தவேண்டும் என்று விழா நாளன்று காலையில்தான் உடுப்புகளை இஸ்திரி போட்டுக் கொண்டுபோனேன். பிள்ளைகள் கத்துவார்கள், குதிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் சத்தமே போடாமல் துணியை மோந்து பார்த்தார்கள். காத்தான் என்ற பொடியன் டவுசரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டெய்லரய்யா, இத இதுக்கு முன்னாடி யாரும் போட்டதில்லையா?" என்று கேட்டான். இல்லையென்றேன். அவன் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டான். நாம் பெரிய ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன். (அந்த நினைப்பு அடுத்த கால் மணி நேரம் இருந்தது.)

உடுத்திக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு டவுசருக்குள்ளும் இன்னொரு பையனுக்கு இடமிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. ஊரார் போட்டுக் கழித்ததையே உடுத்தி வளர்ந்த பிள்ளைகள், உடுப்பு என்றால் தொளதொளவென்றுதான் இருக்கும் என்று நினைத்திருந்தார்கள்.

டீச்சர் மட்டும் என்னை ஓரமாக அழைத்தார். நான் முந்திக்கொண்டு, "வளர்ற புள்ளைங்க டீச்சர்" என்றேன்.

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ளயா தம்பி?" என்றார்.

பிரித்துத் தைக்க நேரமில்லை. தோட்டத்தில் வாழை நார் கிடந்தது. ஒவ்வொரு இடுப்பாகக் கட்டிவிட்டோம். அங்கே மண்டிபோட்டு நார் கட்டும்போதுதான் அந்த இடுப்புகள் எவ்வளவு சிறியவை என்று தெரிந்தது. கையில் டேப்போடு வந்திருந்தால் முதலிலேயே தெரிந்திருக்கும்.

சாயங்காலம் அரிமளத்துப் பெரியவர் வில்வண்டியில் வந்து இறங்கினார். வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசாத மனிதர். முன்வரிசையில் தடியை ஊன்றி உட்கார்ந்தார். பிரார்த்தனை, வரவேற்பு எல்லாம் ஒழுங்காக நடந்தது. கடைசியாகக் கோலாட்டம். பையன் ஒருவன், பெண் ஒருத்தி என்று மாறி மாறி வட்டமாக நின்று பாட ஆரம்பித்தார்கள். மேடையோரம் நின்ற எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோலாட்டத்துக்கு இரண்டு கையும் வேண்டும். குதிக்கவும் வேண்டும். காலையில் கட்டிய நார் பகலெல்லாம் வெயிலில் காய்ந்து சருகாகியிருந்தது.

இரண்டாவது சுற்றில் முதல் நார் அறுந்தது. காத்தான் கோலைக் கீழே போட்டு டவுசரைப் பிடித்தான். அடுத்தவன் பிடித்தான். அதற்கடுத்தவனுக்குப் பிடிக்க நேரமில்லை. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாட்டு தேய்ந்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். பெரியவரின் கிடங்கும், பிள்ளைகளின் படிப்பும், என் தாராளத்தினால் முழங்காலுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அப்போது பாட்டை விடாமல் பாடியவள் ஒருத்திதான். அஞ்சலை, அந்த விடுதியில் மூத்த பெண். தன் இடது கைக் கோலைக் கீழே போட்டாள். தனக்கு முன்னால் நின்ற காத்தானின் டவுசரை இழுத்து ஏற்றி, பின்பக்கம் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். "கோல எடுத்து அடிடா, நான் புடிச்சிருக்கேன்ல" என்றாள். அவன் இரண்டு கையாலும் கோலெடுத்து அடித்தான். அதைப் பார்த்த அடுத்த பெண் தனக்கு முன்னால் நின்றவனைப் பிடித்தாள். அவளுக்கு அடுத்தவளும் பிடித்தாள். கண்மூடித் திறப்பதற்குள் வட்டம் முழுவதும் ஒருத்தி ஒருவனைப் பிடித்தபடி சுற்ற ஆரம்பித்தது. பெண்களிடம் ஒரு கோல், பையன்களிடம் இரண்டு. அடிக்கிற தாளமே மாறிப்போய், அதற்குமுன் நான் எங்கும் கேட்டிராத ஒரு தாளம் பிறந்தது. பாட்டு மறுபடி ஏறியது. ஒரு பிள்ளை முகத்திலும் வெட்கம் இல்லை.

எத்தனையோ பெரிய கச்சேரிகளை, தேரோட்டங்களை அதற்குப் பிறகு பார்த்துவிட்டேன். அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்ததுபோல் வேறு எங்கும் ஆனதில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். சிரித்தவர்கள் சிரிப்பை விட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் அது புதுவிதக் கோலாட்டம் என்றே நம்பினார்கள்.

ஆட்டம் முடிந்ததும் பெரியவர் எழுந்து மேடைக்கு வந்தார். அஞ்சலை இன்னும் கையை விடவில்லை. அவர் அவளையும் காத்தானையும் வெகுநேரம் பார்த்தார்.

"கெடங்கைக் கூட்டிப் பெருக்கச் சொல்றேன். நாளைக்கே வந்துருங்க" என்று டீச்சரிடம் சொன்னார்.

பிறகு, இதைத் தைத்தது யார் என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். (அதுவரை யாரும் என்னை அவ்வளவு ஒற்றுமையாகக் காட்டியதில்லை.) ஏனப்பா இப்படி என்றார். வேறு வழியில்லாமல் அவரிடமும், "வளர்ற புள்ளைங்கய்யா" என்றேன்.

"எனக்கும் ஒரு சட்டை தைக்கணும். ஆனா நான் இனிமே வளர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

அந்த வாரம் கடையை அடைத்துவிட்டுக் கிடங்கில் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் டேப் வைத்து அளந்து பிரித்துத் தைத்தேன். டவுசர் இடுப்பில் கச்சிதமாக நின்றபிறகும் அவர்கள் அந்தப் பிடித்தாடும் கோலாட்டத்தை விடவில்லை. ஒவ்வொரு வருஷமும் அதையே ஆடினார்கள்.

எனக்குக் கல்யாணமான பிறகு, விடுதிக்குப் பெரிய சுவர்க்கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்று யோசித்தேன். ஊரார் வாயில் டவுசர் கதையைக் கேட்டிருந்த என் மனைவி சோறு போட்டுக்கொண்டே, "அளவெடுத்தீங்களா?" என்று கேட்டாள். சாப்பிட்டுவிட்டு நேரே விடுதிக்குப் போய், என்ன வேண்டும் என்று கேட்டேன். கிணற்றுக் கயிறு அறுந்து, தண்ணீருக்கு வெகுதூரம் நடப்பதாக அஞ்சலை சொன்னாள். அன்றைக்கே நல்ல கயிறாக வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தேன். என்னையும் கயிற்றையும் பார்த்ததுதான் தாமதம், பையன்கள் அத்தனை பேரும் இரண்டு கையாலும் டவுசரைப் பிடித்துக்கொண்டார்கள்.

இந்தக் கதையைத் தெரியாத்தனமாக வீட்டில் சொல்லிவிட்டேன். இன்றைக்கும் நான் யாருக்காவது ஒரு உதவி செய்யலாமென்று வாயெடுத்தால் போதும். மனைவி, மக்கள், புதிதாக வந்த மருமகள்கூட, இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள்.