ஒன்றுக்குக் கீழே

மனிதகுலத்தின் மாபெரும் கண்டுபிடிப்புகள் என்று நெருப்பையும் சக்கரத்தையும் சொல்வார்கள். மின்விசிறிக் கம்பெனி முதலாளியின் வகுத்தல் கணக்குக்கு முன்னால் அவையெல்லாம் எம்மாத்திரம்? பங்கின் விலை, ஒரு பங்குக்கு வரும் லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்று பார். அதை லாப வளர்ச்சியின் சதவீதத்தால் வகு. விடை ஒன்றுக்குக் கீழே வந்தால் பங்கு 'மலிவு'. ஊரே அடித்துப் பிடித்துக்கொண்டு வாங்கும்.

கம்பெனிக் கணக்காளருக்கு இந்தக் கணக்கின் மேல் பக்தியே உண்டு. கூடவே ஒரு கவலையும் உண்டு. மனைவியின் தம்பி அங்கேதான் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறான். அவன் வேலை போகாது என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தார்.

கூட்டத்தில் முதலாளி மேசையைத் தட்டினார். "இந்த வருஷம் எப்படியாவது நாம ஒண்ணுக்குக் கீழ போயாகணும்!"

கடைசி வரிசையில் இருந்த காவலாளி எழுந்தார். "ஒண்ணுக்கு மாடியிலயே இடம் இருக்குங்களே சார், எதுக்குக் கீழ?"

முதலாளி சிரிக்கவில்லை, யோசித்தார். மறுவாரமே மாடிக் கழிப்பறையின் குழாயும் பீங்கானும் விலைபோயின. லாபம் 'வளர்ந்தது'. அன்று முதல் எல்லோரும் ஒன்றுக்குக் கீழேதான் போனார்கள்.

விசிறி விற்பதைவிட இது சுலபமாக இருந்தது. அடுத்து நாற்காலிகள் போயின. கூட்டங்கள் நின்றபடியே நடந்து சீக்கிரம் முடிந்தன. இதற்கு 'நிர்வாகத் திறன்' என்று பெயர். பிறகு கம்பி சுற்றும் இயந்திரம் போனது. அதன் முன்னால் நின்றவனும் போனான்.

"உங்க வளர்ச்சிக்கு என் தம்பிதான் கெடச்சானா?" என்றாள் மனைவி.

"விடை ஒண்ணேகாலுக்கு எறங்கிருச்சும்மா."

"அவன் பொண்டாட்டி புள்ளைங்கள எதால வகுக்கப் போறீங்க?"

அன்று கணக்காளருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விடை மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.

ஆண்டுக் கடைசியில் அது சரியாக ஒன்றில் வந்து நின்று அடம்பிடித்தது. காவலாளி உட்பட எல்லோரையும் 'மிச்சப்படுத்தி' ஆயிற்று. முதலாளியும் கணக்காளரும் மட்டும் எதிரெதிரே நின்றார்கள்.

"உங்க சம்பளத்தையும் லாபத்துல சேத்துப் பாருங்க" என்றார் முதலாளி, கனிவாக.

கணக்காளர் சேர்த்தார். கணக்கு பிசகவில்லை.

"வந்துட்டமா?"

"வந்துட்டோம் சார்." கணக்காளர் வாசல் சாவியை அவர் கையில் வைத்து அழுத்தினார். "விடை ஒண்ணுக்குக் கீழ வந்துருச்சு. இங்க வேலை செய்யறவங்க எண்ணிக்கையும்தான்."