வெயிலில் இடித்த இடி

அந்த ஞாயிற்றுக்கிழமை, தலையே போனாலும் கூரை மேல் கால் வைப்பதில்லை என்று தீர்மானம் போட்டேன். அன்று மத்தியானம் கொழும்பில் இந்தியா மேட்ச்.

பேராவூரணியில் எங்களுடையது ஓட்டு வீடு. சுற்றிலும் தென்னை. காய் விழுந்து நாலு ஓடு உடைந்திருந்தது. மழைக்கு முன் மாற்றித் தருகிறேன் என்று என் மனைவி அமலியிடம் வாயை விட்டிருந்தேன். மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, மத்தியானச் சாப்பாடு ஆனதுமே ஏணியைச் சாத்திவிட்டாள். நான் போனை எடுத்து, போன வாரம் வந்த எச்சரிக்கை மெசேஜை அப்போதுதான் வந்ததுபோல் உரக்கப் படித்தேன்.

“‘அடுத்த மூன்று மணி நேரத்தில் இடி மின்னலுடன் மழை.’ கேட்டியா அமலி? இரும்பு ஏணி. பக்கத்துல தென்னமரம். இடி நேரா என் தலையிலதான் இறங்கும்!”

“ஐயையோ! ஏறாதீங்க. ஒங்க உசுருதான் முக்கியம்.”

இவ்வளவு சுலபமா! பூரித்துப்போய் ரிமோட்டை அமுக்கினேன். டி.வி. வரவில்லை. ஃபேனும் நின்றது.

“என்ன அமலி பண்ற?”

“மெயினை ஆஃப் பண்ணிட்டேன். இடி இறங்குனா டி.வி.யும்ல சேந்து போவும்?”

“சரி, போன்லயாவது...”

“அதைக் குடுங்க மொதல்ல.” அணைத்து அரிசி டின்னுக்குள் போட்டாள்.

“பக்கத்துல துரைராசு வீட்டுக்கு ஒரு எட்டு...”

“இடியில வெளியிலயா? நில்லுங்க அங்கேயே!”

மாதா படத்துக்கு முன்னால், கோயிலில் மந்திரித்துக் கொடுத்த மெழுகுவர்த்தியை ஏற்றினாள். இடி மின்னலுக்கென்றே எடுத்து வைத்திருந்தது. வெளியே சுள்ளென்று வெயில். உள்ளே ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, முழங்கால் போட்டு, ஜெபமாலையை உருட்டி ஐம்பத்து மூன்று மணி ஜெபம். வியர்வையில் குளித்தேன். இல்லாத இடிக்கு மாதாவிடம் அடைக்கலம் கேட்கிறோமே, நிஜமாகவே ஒன்றை அனுப்பிவிடுவாளோ என்று பயந்தேன்.

முப்பதாவது மணியில் துரைராசு வீட்டிலிருந்து பெருங்கூச்சல். சிக்ஸரா, விக்கெட்டா? பொறுக்க முடியவில்லை.

“அமலி, அது போன வார மெசேஜ்!”

“தெரியுமே. திங்கக்கெழமை எனக்கும் வந்துச்சு.” மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். “இடி இல்லேல்ல? ஏறுறீங்களா, இல்ல மிச்ச இருபத்து மூணு மணியையும் சொல்லிருவமா?”

தெரிந்துகொண்டேவா முழங்காலில் நிறுத்தினாள்!

ஏறினேன். கடைசிப் பத்து ஓவராவது கிடைக்குமே என்று பேய் பிடித்தவன்போல் வேலை செய்தேன். கீழே நின்று அவள் கை காட்டக் காட்ட, நாலு ஓடு பத்தொன்பது ஆனது. முகட்டுக்குச் சிமென்ட் வேறு பூசச் சொன்னாள். பூசினேன். முட்டி சிராய்க்க இறங்கி உள்ளே ஓடினேன்.

“மெயினைப் போடு! ஸ்கோர் என்ன?”

அமலி இடுப்பிலிருந்து தன் போனை எடுத்தாள். அது அணையவே இல்லை!

“மேட்ச்சா? கொழும்புல நெசமாவே இடி மின்னலாம். நீங்க ஏணியில கால வச்சப்பவே ரத்து பண்ணிட்டாங்க. சொன்னா எறங்கிருவீங்களேன்னுதான் சொல்லலை.”