மூன்று பலகைகளும் ஒரு ‘ச்’சும்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும் என்றே விரும்புகிறேன். விரும்பாமல் இருக்கவும் என்னிடம் காரணங்கள் உண்டு. உங்கள் மகள் கல்யாணத்தில் உங்கள் பையன் எடுத்த புகைப்படத்தில் என் தலை பாதியோடு நின்றுபோனதை நான் மறந்துவிட்டேன். தேதி மட்டும்தான் நினைவிருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் நான் இந்தப் புது வீட்டுக்குக் குடிவந்து விருந்து வைத்தேன். சொந்தத்தில் எல்லோரும் வந்தார்கள், நீங்களும் அக்காவும் தவிர. மறுநாள் தொலைபேசியில் ஏன் வரவில்லை என்று கேட்டேன். நீங்கள் தொண்டையைக் கனைத்தீர்கள். அப்புறம், “வந்தோம் மாப்ளே! சுத்திச் சுத்திப் பாத்தோம். வாசல்ல ஒரு பலகைகூட இல்லியேப்பா, எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? திரும்பிட்டோம்” என்றீர்கள். அன்றிலிருந்து அந்தப் பலகை என் நெஞ்சில் குத்திக்கொண்டு நிற்கிறது. எங்கள் குடியிருப்பில் அறுநூறு வீடு, மூன்று வாசல், ஒரே ஒரு பெயர்ப்பலகை. அதுவும் சிமெண்ட் லாரி போகிற பின்வாசலில். உண்மைதான். ஆனால் வர மனமிருப்பவன் ஒரு காவலாளியைக் கேட்டிருக்க மாட்டானா என்று என் மனைவியிடம் எத்தனை முறை கேட்டேன் என்று அவளைக் கேளுங்கள்.

நிற்க. எங்கள் குடியிருப்பைக் கட்டிய கம்பெனி, வாசல்களில் இன்னும் மூன்று பலகை வைக்க அனுமதி கேட்டு நகர மன்றத்துக்கு மனுப் போட்டது. ஒழுகும் கூரையிலிருந்து ஓடாத லிஃப்ட் வரை அந்தக் கம்பெனிமேல் நாற்பத்தொரு புகார் எழுதியவன் நான். அப்படிப்பட்டவன் அவர்களுக்கு ஆதரவாகப் பேசப் புறப்பட்டேன். பலகை வந்துவிட்டால் உங்களுக்குச் சாக்கு இருக்காதல்லவா?

மன்றத்தில் நான் கண்டதை எப்படிச் சொல்வேன்! விதிப்புத்தகத்தை மடியில் குழந்தைபோல் வைத்திருந்த குமாஸ்தா எழுந்து, “ஒரு குடியிருப்புக்கு ஒரு பெயர்ப்பலகைதான். விதி பதினாலு” என்றார். கதை முடிந்தது என்று நான் குடையை எடுத்துவிட்டேன். கம்பெனிக்காரர், ஒடிசலான மனிதர், சிரித்தபடி, “இது பெயர்ப்பலகை இல்லீங்க, வழிகாட்டிப் பலகை. அதுக்குக் கணக்கு வழக்கே கிடையாது, விதி பதினஞ்சு” என்றார்.

“பேரு போட்டிருக்கே?”

“பேரு போடாம எங்கேன்னு வழி காட்றது?”

“வழிகாட்டின்னா அம்புக்குறி வேணுமே?”

அவர் பைக்குள் கைவிட்டு, சிவப்புக் காகிதத்தில் வெட்டிய மூன்று அம்புகளை எடுத்து, பலகைகளின் மூன்று வரைபடத்திலும் ஒட்டினார். தயாராகக் கொண்டுவந்திருக்கிறார், அத்தான்! “எந்தப் பக்கம் காட்டணும்?” என்றார் மன்றத் தலைவியம்மா. “நீங்க எந்தப் பக்கம் சொல்றீங்களோ, வாசலை அந்தப் பக்கம் வெச்சிடலாம்” என்றார் அவர். நான் வாய்பிளந்து உட்கார்ந்திருந்தேன். இருபத்தாறு வருடம் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்தியிருக்கிறேன்; சொல்லை இப்படி வளைக்கிற ஆளை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

குடியிருப்போர் சார்பில் பேசக் கூப்பிட்டார்கள். ஆதரிக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் வரைபடத்தில் பெயருக்குக் கீழே ‘குடியிருப்புக்கு செல்லும் வழி’ என்றிருந்தது. நடுவில் ‘ச்’ இல்லை. என்னால் முடியவில்லை, அத்தான். சொல்லிவிட்டேன்.

கம்பெனிக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஐயா, அந்த ‘ச்’ இல்லேன்னா வீடு தெரியாதா?”

“தெரியும். ஆனா தப்பு.”

குமாஸ்தாவின் முகம் மலர்ந்தது. “திருத்தம்னா புது மனு போடணும். ஆறு மாசம் ஆகும்.”

என் காரியத்தை நானே கெடுத்துக்கொண்டேன் என்று மறுபடியும் குடையை எடுத்தேன். அந்த மனிதர் பேனாவைத் திறந்து, மூன்று வரைபடத்திலும் ‘ச்’ போட்டு, “திருத்தம்னா இருக்கறதை மாத்தணும். நான் எதையும் மாத்தலீங்க, சேத்திருக்கேன்” என்றார். குமாஸ்தா புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு மெதுவாக மூடினார். நிறைவேறியது. நாற்பத்தொரு புகாரையும் மறந்து நான் கைதட்டினேன்.

நேற்றுப் பலகைகளை நட்டார்கள். இரண்டு ஆள் உயரம். மாலையில் விளக்கு எரிந்தபோது அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். என் ‘ச்’ என் தலையைவிடப் பெரிது! கழுத்து வலிக்கும்வரை நகர மனம் வரவில்லை. இனி உங்களுக்குச் சாக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவோடு வரவும். வராவிட்டால், வழி தெரியாததால் அல்ல, மனம் இல்லாததால் என்று எழுத்தில் தெரிவிக்கவும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், புகைப்படம் எடுத்தவன் நீங்கலாக.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: உறைமேல் எழுத உங்கள் அஞ்சல் எண் நினைவுக்கு வராமல் மேசை இழுப்பறையைக் கிளறினேன். அடியில் ஓர் உறை கிடைத்தது. என் கையெழுத்தில் உங்கள் பெயர். மூலையில் முத்திரை விழாத அஞ்சல்தலை. உள்ளே அந்த விருந்துக்கான அழைப்பு. நான் அதைத் தபாலில் சேர்க்கவே இல்லை. கூப்பிடவே இல்லை என்று சொன்னால் நான் கூசிப்போவேனே என்றுதான், வந்து வழி தெரியாமல் திரும்பியதாகச் சொன்னீர்களா? இரண்டு வருடம் என் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு அக்காவையும் பேசாமல் இருக்க வைத்தீர்களா? மேலே எழுதியவற்றை அடித்துவிட்டுப் படிக்கவும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம் அத்தான். நானே வந்து கூப்பிடுகிறேன்.