ஆவணி பத்தாம் தேதித் தக்காளி

பாலிகஞ்ச், கொல்கத்தா
புரட்டாசி 22

அன்பிற்குரிய மச்சினர் மஹாதேவன் அவர்களுக்கு வெங்கடநாராயணன் அநேக நமஸ்காரம். இங்கு நானும் உங்கள் தங்கை ஜகதாவும் இருபத்தொன்பது தக்காளிச் செடிகளும் சௌக்கியம். திருச்சியில் உங்கள் முழங்காலின் சௌக்கியத்துக்கு எழுதவும்.

வேளாண்மைத் துறையில் முப்பது வருஷம் இருந்தவர் என்று ஆடி மாதம் உங்களிடம் போனில் யோசனை கேட்டேன். “கல்கத்தாவிலே துர்கா பூஜை வரைக்கும் மழை அடிக்கும். விதையை வீட்டுக்குள்ளயே போட்டு நாற்றாக்கிண்டு, மழை விட்டப்புறம் வெளியே நடுங்கோ. நடற நாள்லேர்ந்து ஆறு வாரம் பின்னால எண்ணணும்” என்றீர்கள். கிடர்பூர் துறைமுகத்தில் கப்பல் வரும் நாளையெல்லாம் குறித்த எனக்கு ஆறு வாரம் எண்ண வேண்டுமா என்று அன்று மாலையே விதைத்துவிட்டேன். ஆவணி பிறப்பதற்குள் நாற்றுகள் ஒரு முழம் வளர்ந்து, மழையும் விடாமல் நடவும் இடமில்லாமல், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உயிரை விட்டன.

விட்டுவிடலாம் என்றால் எங்கள் குடியிருப்பின் செக்ரட்டரி சௌமேன் பாபு விடவில்லை. “லக்ஷ்மி பூஜைக்குள்ள மொட்டைமாடியில செடி நின்னா தெற்கு மூலை உங்களுக்கு. இல்லேன்னா துணி காயப்போடறதுக்குக் கொடி கட்டிடுவேன்” என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். இங்கே லக்ஷ்மி பூஜை துர்கா பூஜை முடிந்து வரும் பௌர்ணமியில்; அதிலிருந்து ஆறு வாரம் பின்னால் எண்ணினேன். ஆவணி பத்து. அன்றைக்கு விதைக்க, டீக்கடை மண்குவளைகள் நாற்பது சேர்த்தேன். அதற்காக நாற்பது டீ குடித்து வயிறு புண்ணானது வேறு விஷயம். தண்ணீர் வடிய அடியில் ஓட்டை போடப் போய்ப் பதினொன்று உடைந்தன. மிச்சம் இருபத்தொன்பதும் முளைத்தன. முளைத்த வாரத்திலேயே எங்கள் பால்கனிக்கு நேர் எதிரே மூங்கில் நட்டு, துணி கட்டி, பூஜைப் பந்தல் எழும்பி, வெயிலை முழுசாக மறைத்துவிட்டது. நாற்றெல்லாம் வெளிச்சம் தேடிக் கழுத்தை நீட்ட, நான் கீழே இறங்கிப் போய் பந்தல் போடும் கிளப்பின் தலைவரை அண்ணன் முறை வைத்து, “தாதா, ஒரே ஒரு துணியை அவிழ்க்கக் கூடாதா?” என்று கெஞ்சினேன். “மேஷோமஷாய், துர்கா மா வரப்போறா. உங்க தக்காளி கொஞ்சம் பொறுத்துக்கட்டும்” என்று என்னைச் சித்தப்பா முறையாக்கி, கையில் ஒரு இனிப்பைக் கொடுத்து அனுப்பினார். சும்மா இருப்பேனா? லிஃப்ட் இல்லாத நாலு மாடி. தினமும் காலையில் இருபத்தொன்பதையும் தட்டில் வைத்து மொட்டைமாடிக்கு ஏற்றினேன், மேகம் கறுத்தால் இறக்கினேன். ஒரு நாளைக்கு மூன்று தடவைகூட ஏறி இறங்கியிருக்கிறேன், ஓய்!

பூஜையில் சப்தமியன்று நாற்றுகளை மொட்டைமாடியில் வைத்துவிட்டுப் பல் பிடுங்கிக்கொள்ளப் போனேன். நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும்போது வெளியே கொட்டுகிறது பேய்மழை. வாயில் பஞ்சோடு ஓடி வந்தேன். ஜகதா வாசலிலேயே நிறுத்தி, “எல்லாத்தையும் உள்ளே எடுத்து வெச்சுட்டேன். ரெண்டு நாள் அந்த ரூம் பக்கம் போகாதீங்கோ, கண்ணு பட்டுடும்” என்று கதவைப் பூட்டிவிட்டாள். நவமியன்று திறந்தால், என்ன சொல்வேன்! தண்டு பென்சில் கனம், இலை கரும்பச்சை. மழையில் அடிபட்டால்தான் நாற்று உரம் பெறும் என்பது உங்கள் துறைக்கே தெரியாத உண்மை. லக்ஷ்மி பூஜையன்று காலை மொட்டைமாடியில் தொட்டிகளில் நட்டேன். சௌமேன் பாபு கொடிக்கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்.

ஆகவே இனி விதைப்பு நாள் என்றால் ஆவணி பத்துதான். மாற்ற மாட்டேன். அடுத்த வருஷம் இந்தக் கட்டிடத்தில் எல்லோரையும் அன்றைக்கே விதைக்க வைக்கப் போகிறேன். நீங்களும் என் முறையை ஏற்றுக்கொண்டதாக இரண்டு வரி எழுதி அனுப்பவும்.

உங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் சகல க்ஷேமமும் பெருக வேண்டும் என்று காளிகாட் அம்மனை வேண்டும்,
வெங்கடநாராயணன்

பி.கு.: அண்ணா, ஜகதா எழுதுகிறேன். இதைத் தபாலில் போடும்படி என்னிடம் கொடுத்தார். சப்தமி மழையில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. அஷ்டமியன்று கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, நடைபாதையில் நாற்று விற்கிறவரிடம் வாங்கி, அதே குவளைகளில் வைத்துவிட்டேன். அவர் கேட்ட இரண்டு வரியை எழுதிப் போடு. ஆனால் அவசரத்தில் நாலு கத்தரி நாற்றும் கலந்து வந்துவிட்டது. காய்க்கும்போது என்ன சொல்வது என்று எனக்குத் தனியாக எழுது.