மந்தி போட்ட ‘உம்’

ஒரு காட்டில், கூட்டம் சேராத குளத்தங்கரையாகப் பார்த்து மனநல ஆலோசனை மையம் திறந்தார்கள். ஆலோசகர்தான் கிடைக்கவில்லை. மூன்று பிள்ளை பெற்ற கோமளம் என்கிற மந்தி, ‘காட்டு வம்பெல்லாம் என் காதுக்குத்தானே வருகிறது’ என்று பயிற்சியில் சேர்ந்தாள்.

பயிற்சி கொடுத்த ஆமை முதல் நாளே சொல்லிவிட்டார்: "வர்றவங்க பேசணும், நீங்க கேட்கணும். நடுவுல ‘உம்’ போடலாம். அவங்க சொன்னதையே திருப்பிச் சொல்லலாம். புத்தி மட்டும் சொல்லவே கூடாது."

கோமளத்துக்கு அது பட்டினி கிடப்பது மாதிரி. இரண்டு மாதம் வாலைக் கடித்துக்கொண்டு பழகினாள்.

தேர்வு நாள் வந்தது. ஆமை மதிப்பெண் தாளோடு மூலையில் உட்கார்ந்தார். செவந்தி என்கிற புள்ளிமான் படிவத்தை நிரப்பிவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எப்பவும் யாரோ பின்னாலயே வர்ற மாதிரி இருக்குக்கா. ஒரு வாய் புல்லு இறங்கலை."

"உம்... யாரோ பின்னால வர்ற மாதிரி இருக்கு."

"வீட்டுக்காரர் எல்லாம் பிரமைங்கிறார்."

"அப்படிச் சொன்னப்ப உங்களுக்கு எப்படி இருந்தது?"

ஆமை சந்தோஷமாக ஒரு டிக் போட்டார். அப்போதுதான் கோமளம் நிமிர்ந்தாள். செவந்திக்குப் பின்னால், புதருக்குள், ஒரு புலி பதுங்கிப் பதுங்கி வந்துகொண்டிருந்தது.

சொன்னால் தேர்வு போச்சு. சொல்லாவிட்டால் செவந்தியே போய்விடுவாள். ஆமையைப் பார்த்தாள். அவர் ஓட்டுக்குள் போயிருந்தார்.

"செவந்தி, உங்க பயத்தை நான்... அடியே, ஓடுடி!"

மான் ஒரே தாவலில் மறைந்தது. பாய்ந்த புலி வெறும் மண்ணில் விழுந்தது. கோமளம் கிளைக்குத் தாவினாள்.

"நேரடியாப் புத்தி சொல்லிட்டீங்க. பூஜ்யம்" என்றது ஓட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

புலி எழுந்திருக்கவில்லை. "இந்த வாரத்துல இது நாலாவது" என்று முனகியது.

இரண்டு மாதப் பழக்கம், கோமளத்துக்கு வாய் தானாகத் திறந்தது. "உம்... நாலாவது."

புலி முக்கால் மணி நேரம் பேசியது. ‘உங்கப்பா பாய்ச்சல் என்ன, உன் பாய்ச்சல் என்ன’ என்று அம்மா கேட்டதைச் சொல்லும்போது அழுதேவிட்டது.

"இதுவரைக்கும் யாரும் என்னை உட்கார வச்சுக் கேட்டதே இல்லைம்மா" என்று கண்ணைத் துடைத்தது. கருத்துப் படிவத்தில் பத்துக்குப் பத்து போட்டுக் கைநாட்டும் வைத்துவிட்டுப் போனது.

ஆமை வெளியே தலையை நீட்டி, பூஜ்யத்துக்கு முன்னால் ஒரு ஒன்பதைச் சேர்த்தார். பாதியில் எழுந்து போன செவந்தியின் பெயருக்கு எதிரே, ‘ஒத்துழைப்பு போதாது’ என்று எழுதினார்.

நீதி: உயிரைக் காப்பாற்றினால் வந்தவர் ஓடிவிடுவார், சாப்பாட்டைக் கெடுத்தால்தான் உட்கார்ந்து கருத்துப் படிவம் நிரப்புவார்.