வளையல் கையும் சிப்ஸ் மிஷினும்

ஊருக்கு உபதேசம் செய்யக் கிளம்புகிற அன்று வயிற்றை நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டும். பசியோடு போனால் மானம் போகும். (எனக்குப் போனது. போனதில் எனக்கு வருத்தமே கிடையாது.)

திருவண்ணாமலையில் ஊட்டச்சத்துப் படிப்பில் கடைசி வருடம். மாணவர்கள் ஏன் மிஷினில் விற்கும் பாக்கெட் தின்பண்டங்களை வாங்குகிறார்கள் என்பதுதான் என் புராஜெக்ட். மாதக்கணக்கில் கல்லூரி மிஷின் பக்கத்திலேயே நின்று, வாங்குகிறவர்களை எல்லாம் மடக்கிக் கேள்வி கேட்டேன். என்னைக் கண்டாலே பிள்ளைகள் பாக்கெட்டைத் துப்பட்டாவில் மறைத்துக்கொண்டு ஓடுவார்கள். அவ்வளவு பெரிய ஆள் நான்!

அந்தப் புராஜெக்டுக்கான வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு முதல் நாள் அக்காவுக்கு வளைகாப்பு. என் கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல்களை அடுக்கிவிட்டார்கள். “அவளுக்கு நல்லபடியா கொழந்த பொறக்கற வரைக்கும் ஒண்ணுகூட ஒடையக் கூடாது” என்று அம்மா உத்தரவு போட்டார். மறுநாள் காலை வீடு நிறைய விருந்தாளிகள். எனக்கு இட்லி கிடைக்கவில்லை. எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூரிலிருந்து அப்பாதான் பைக்கில் கொண்டுவந்து விட்டார். வேர்க்கடலை விவசாயியான அவர் என் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்தது அன்றுதான்.

வயிறு கத்தியது. கேண்டீனில் கூட்டம். மிஷின் மட்டும் விளக்கைப் போட்டுக்கொண்டு சும்மா நின்றது. போனில் ஸ்கேன் செய்தேன். சிப்ஸ் பாக்கெட் நகர்ந்து வந்து, விழாமல் கம்பிச் சுருளில் தொங்கியது. கீழே இருந்த திறப்பில் கையை விட்டு எட்டினேன். வளையல்களோடு கை உள்ளே போனது. திரும்பி வரவில்லை. உள்மூடி வளையல்களைக் கவ்விக்கொண்டது.

“இழுத்துடு பாப்பா, வளையல்தானே!” என்றார் வாட்ச்மேன்.

“ஐயோ, வாணாங்க! அவ அக்கா மாசமா இருக்குதுங்க!” என்று அப்பா பதறினார். வாட்ச்மேன் குழப்பத்துடன் மிஷினைப் பார்த்தார்.

அதற்குள் வைவா நடக்கிற அறையில் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். போகாவிட்டால் அடுத்த செமஸ்டர்தான். காணோமே என்று வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாவே வெளியே வந்துவிட்டார்.

“யாரு இது?”

“நீங்க தேடற பொண்ணுதாங்க. எம் பொண்ணு” என்றார் அப்பா, பரிசு வாங்க மேடையேற்றியவர் மாதிரி.

தேர்வாளர் என்னையும் மிஷினையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி, இங்கயே சொல்லும்மா. பசங்க ஏன் இதுல வாங்கறாங்க?”

மண்டியிட்டபடியே சொன்னேன்: “ருசிக்காக மட்டும் இல்ல மேடம். பஸ்ஸப் பிடிக்கற அவசரத்துல சாப்பிடாம வர்றோம். ரெண்டு பெல்லுக்கு நடுவுல கேண்டீன் வரிசை நகர மாட்டேங்குது. மிஷின் நம்மள நிக்க வைக்காது, இதுதான் சாப்பாடான்னு கேக்காது. ஒடம்புக்கு ஆகாதுன்னு எல்லாருக்கும் தெரியும். எனக்கு ஜாஸ்தியாவே தெரியும். தெரிஞ்சுதான் கைய உட்டேன்.”

“மிஷினை எடுத்துட்டா சரியாயிடுமா?”

“ஆகாது மேடம். சாப்பிட நேரம் குடுங்க. இதே எடத்துல சுண்டலும் வாழைப்பழமும் வெச்சா அதையும் வாங்குவோம்.”

மொத்தக் கல்லூரியும் போனைத் தூக்கிப் படம் பிடித்தது. என் குரல் நடுங்கவே இல்லை. அதற்கு மேல் போக என்னிடம் மானம் இருந்தால்தானே நடுங்குவதற்கு! கேண்டீனிலிருந்து எண்ணெய் வாங்கிவந்து, அப்பா ஒவ்வொரு வளையலாக வழித்தெடுத்தார். ஒன்றும் உடையவில்லை. கடைசியில் விழுந்த பாக்கெட்டை அவரே பிரித்துத் தின்றார். வகுப்பில் அதிக மதிப்பெண் எனக்குத்தான்.

படிப்பு முடிந்ததும் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் “பொண்ணு கூச்ச சுபாவமோ?” என்று கேட்டார்கள்.

“கூச்சமா? காலேஜே சுத்தி நின்னு சிரிக்குது, கை மிஷினுக்குள்ள இருக்குது, கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னது இது!” என்று அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நான் கதவிடுக்கில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன்.

இப்போது அந்தக் கதையை என் மாமியார் கல்யாணம் காதுகுத்து எல்லாவற்றிலும் சொல்கிறார். அவர் சொல்லும்போது மிஷின் லாரி அளவு ஆகிவிடுகிறது. கேள்வி கேட்டவர் கலெக்டர் ஆகிவிடுகிறார். நான் திருத்துவதே இல்லை.